பத்து என்று எழுதிய மோட்டார்: ஒரு நிகழ்வு ஆய்வு

விற்கிறவர்கள் எண்ணைக் கூட்டித்தான் சொல்வார்கள். லிட்டருக்கு 80 கிலோமீட்டர் என்ற பைக் 55 கொடுக்கும். நாமும் அதைத் தெரிந்தே வாங்குகிறோம். 1947-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலிருந்து வந்த ஒரு படகு மோட்டாரில் கதை தலைகீழாக நடந்தது. மெர்க்குரி லைட்னிங் என்பது அதன் பெயர். எழுதியிருந்த திறன் 10 குதிரை. வாங்கிப் போய் ஏரியில் ஓட்டியவர்கள், தங்களுடையதைவிடப் பெரிய எண் போட்ட மோட்டார்களைப் பின்னால் விட்டுவிட்டுப் போனார்கள்.

அந்த மோட்டாரும் அதன் வழியில் வந்தவையும்தான் இந்த ஆய்வின் பொருள்: கே.இ.7, கே.எஃப்.7, கே.ஜி.7, பிறகு மார்க் 20. இவற்றை இருபது வயதில் பந்தயத்தில் ஓட்டிவிட்டு, முதுமையிலும் அதே மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிற ஒரு கூட்டம் வட அமெரிக்காவில் உண்டு. ஆயுள் முழுக்க எப்படி இது நீடிக்கிறது என்று கேட்டால் ‘ஆர்வம்’ என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. இந்த மோட்டாரையும் அது ஓடிய பந்தயத்தின் விதிகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவான ஒரு காரணம் தட்டுப்படுகிறது. ஓட்டத் தெரிந்தால் மட்டும் அந்தப் பந்தயத்தில் ஜெயிக்க முடியாது. அளக்கவும் தெரிந்திருக்க வேண்டும். அளக்கப் பழகிய கை சும்மா இருக்காது.

திருப்பி அனுப்பிய சரக்கு

அவுட்போர்டு மோட்டார் என்பது படகின் பின்பலகையில் மாட்டித் தொங்கவிடும் எஞ்சின். நம் கடற்கரை ஃபைபர் படகுகளின் பின்னால் இருப்பதும் இந்த வகைதான். மில்வாக்கியில் இருந்த ஓலே எவின்ரூட் என்ற நார்வேக்காரர் 1909-ல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஒன்றரைக் குதிரை, 62 பவுண்டு எடை, விலையும் 62 டாலர். அவருக்கு முன்பே செய்தவர்கள் உண்டு, ஆனால் இந்தத் தொழில் அவர் பெயரில்தான் நிலைத்தது.

நம் கதைநாயகர் வேறொருவர். கார்ல் கீக்ஹேஃபர், 1906-ல் விஸ்கான்சினில் பிறந்த பொறியாளர். 1939-ல் சீடர்பர்க் என்ற சிற்றூரில் நொடித்துப்போன ஒரு மோட்டார் கம்பெனியை வாங்கினார். படகு மோட்டார் செய்யும் எண்ணம் அவருக்கு அப்போது இல்லை. பால் பண்ணைகளுக்கான காந்தக் கருவிகள் செய்ய ஒரு கட்டடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். கட்டடத்தோடு சேர்ந்து வந்தன சில நூறு அவுட்போர்டு மோட்டார்கள். மான்ட்கோமரி வார்டு என்ற பெரிய வணிக நிறுவனம், சரியாக ஓடவில்லை என்று திருப்பி அனுப்பியவை. அவற்றைப் பிரித்து, குறையைச் சரிசெய்து, அதே நிறுவனத்துக்கே விற்றார். அவர்கள் இன்னும் வேண்டும் என்று கேட்டார்கள். அடுத்த ஆண்டு நியூயார்க் படகுக் கண்காட்சியில் மெர்க்குரி என்ற புதுப் பெயரோடு வந்து நின்றபோது 16,000 மோட்டார்களுக்கு மேல் ஆர்டர் கிடைத்தது.

பழுது பார்த்த சரக்கில் பிறந்த கம்பெனி என்பதை இங்கே குறித்துக்கொள்வோம். பிற்காலத்தில் அதன் மோட்டார்களைப் பழுது பார்ப்பதே ஆயிரக்கணக்கானவர்களுக்கு வாழ்க்கையாகிப் போனது.

போர்க்காலத்தில் ராணுவத்துக்குச் சங்கிலி வாள் எஞ்சின்கள் செய்தார்கள். மரம் அறுக்கிறவன் எஞ்சினை எந்தக் கோணத்திலும் திருப்புவான், மூச்சுவிட விடமாட்டான். சின்ன உடம்பில் அதிக சக்தி, எவ்வளவு அடித்தாலும் தாங்க வேண்டும். போர் முடிந்து மறுபடி படகு மோட்டாருக்கு வந்தபோது இந்தப் பாடம் கையோடு வந்தது என்பது என் ஊகம். மோட்டாரைப் பிரித்துப் பார்த்தால் அந்த ஊகம் வலுக்கிறது.

மூடிக்குள்ளே

அன்றைய அவுட்போர்டுகளில் பல எதிர் எதிர் சிலிண்டர் வகை. இரண்டு பிஸ்டன்களும் ஒரே நேரத்தில் வெளியே போகும், ஒரே நேரத்தில் உள்ளே வரும், இரண்டும் சேர்ந்தே வெடிக்கும். அதிர்வு குறைவு, செய்வதும் சுலபம். ஆனால் ஒரு சுற்றுக்கு ஒரே அடிதான். மெர்க்குரியின் பத்தில் சிலிண்டர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே வரிசையில் நின்றன. மேல் பிஸ்டன் ஒரு முறை, கீழ் பிஸ்டன் ஒரு முறை என்று மாறி மாறி வெடித்தன. கிராங்க் ஷாஃப்ட் பால் பேரிங்கிலும் ரோலர் பேரிங்கிலும் சுழன்றது. மற்றவர்கள் சாதாரண புஷ் போட்டு ஒப்பேற்றிய இடம் அது. ‘முழுக்கக் கல் பதித்த எஞ்சின்’ என்ற பொருளில் கம்பெனி விளம்பரம் செய்தது. நல்ல கைக்கடிகாரத்தில் கல் பதிப்பார்களே, அந்த நினைப்பு.

பெட்ரோல் காற்றுக் கலவை உள்ளே நுழைய ரீட் வால்வு. யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மெல்லிய எஃகு இதழ். உறிஞ்சும்போது திறக்கும், அழுத்தும்போது தானாக மூடிக்கொள்ளும். மெர்க்குரியில் இந்த இதழ்கள் கிராங்கின் நடு பேரிங்கைச் சுற்றியுள்ள கூட்டிலேயே இருந்தன. இடமும் மிச்சம், கலவை போகும் தூரமும் குறைவு.

ஆர்எக்ஸ் 100 என்றதும் ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 98 சிசி-யில் 11 குதிரை தந்தது அந்த பைக். மெர்க்குரியின் பத்து 19.8 கன அங்குலம், அதாவது சுமார் 325 சிசி. நாற்பது வருட இடைவெளியை ஒதுக்கிவைத்தாலும், பேரிங்குகளில் வழுக்கி ஓடும் அந்த 325 சிசி வெறும் பத்தோடு நின்றிருக்கும் என்று நம்ப முடிகிறதா? கம்பெனியே பிறகு உண்மையை ஒப்புக்கொண்டது என்றுகூடச் சொல்லலாம். 1950-களின் தொடக்கத்தில் வந்த மார்க் 20-லும் கன அளவு அதே 19.8-தான். மூடியில் எழுதியது 16.

ஏன் குறைத்து எழுதினார்கள்? குதிரைத்திறனை எந்தச் சுற்று வேகத்தில் அளப்பது என்பதில் எப்போதுமே விளையாட இடம் உண்டு. மெதுவான சுற்றில் அளந்தால் சின்ன எண் வரும். ஆனால் ஓட்டுகிறவர் அங்கேயே நிற்கப்போவதில்லை, திருகிக்கொண்டே போவார். இது தொழில்நுட்பக் காரணம். இன்னொன்று வியாபாரம்: பத்தை வாங்கியவன் பக்கத்து வீட்டுக்காரனின் பெரிய மோட்டாரை முந்தினால், அந்தக் கதையை ஊரெல்லாம் அவனே சொல்லுவான். காசு கொடுத்து வாங்க முடியாத விளம்பரம். எனக்கு இரண்டாவது காரணத்தில்தான் நம்பிக்கை அதிகம்.

1949-ல் ஜான்சன் நிறுவனமும் ஒரு பத்துக் குதிரை மோட்டாரைக் கொண்டுவந்தது. முன்னே, நடு, பின்னே என்று கியர் உண்டு. பெட்ரோல் டாங்க் தனியாகப் படகுக்குள் இருக்கும். குடும்பத்தோடு மீன்பிடிக்கப் போகிறவருக்கு அதுதான் நல்ல மோட்டார், சந்தேகமில்லை. மெர்க்குரி வேறு ஆளைத் தேடியது.

20 கன அங்குலம் என்ற வேலி

அமெரிக்க அவுட்போர்டு பந்தயத்தில் படகுகளைப் பிரிப்பது எஞ்சினின் கன அளவு. 15 கன அங்குலம் வரை ஏ, 20 வரை பி, 30 வரை சி, 40 வரை டி. போருக்கு முன் முதலிடம் பிடித்தவை பந்தயத்துக்கென்றே செய்த ஜான்சன், எவின்ரூட் எஞ்சின்கள்; ஆல்கஹாலும் விளக்கெண்ணெயும் கலந்து குடித்துக்கொண்டு ஓடின. அந்த வாசனையை மோந்தவர்கள் மறக்கவே மாட்டார்கள் என்பார்கள். ஆனால் அவை விலை அதிகம், கையாளத் தனித் திறமை வேண்டும், போரோடு தயாரிப்பும் நின்றுபோனது. கடையில் வாங்கிய மோட்டாரையே மாற்றம் செய்யாமல் பெட்ரோலில் ஓட்டும் ‘ஸ்டாக்’ பிரிவு 1940-களின் பிற்பகுதியில் அந்த இடத்தைப் பிடித்தது. பள்ளிக்கூடப் பையன்கூடச் சேர்த்து வைத்த காசில் இறங்கலாம் என்று ஆயிற்று.

இப்போது மெர்க்குரியின் அளவுகளைப் பாருங்கள். பத்துக் குதிரை 19.8, பி பிரிவின் வேலிக்கு ஒட்டி உள்ளே. 1949-ன் நான்கு சிலிண்டர் ‘தண்டர்போல்ட்’ அதைப் போல இரண்டு மடங்கு, டி பிரிவின் 40-க்குச் சற்றுக் கீழே. ஏழரைக் குதிரை கே.ஜி.4, ஏ பிரிவின் 15-க்குச் சற்றுக் கீழே. மூன்று மோட்டார்கள், மூன்று வேலிகள், மூன்றும் உரசிக்கொண்டு நிற்கின்றன. தற்செயல் என்று யாராவது சொன்னால் நான் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

அடுத்து வந்தது குயிக்சில்வர். மோட்டாரின் கீழ்க்கால், அதாவது தண்ணீருக்குள் இருக்கும் பாகத்தை மட்டும் பந்தயத்துக்காக மறுபடி செய்தார்கள். குட்டையாக, ஒடுக்கமாக, மீன் உடம்பு மாதிரி. கியர் மாற்றும் வசதி கிடையாது, நியூட்ரலும் கிடையாது. எஞ்சின் பற்றிய நொடியே ப்ரொப்பெல்லர் சுற்றும், படகு பாயும். இந்தக் கால் பொருத்தியவற்றின் பெயரில் ஹெச் என்ற எழுத்து சேர்ந்தது: கே.ஜி.7ஹெச், மார்க் 20ஹெச். இன்றைக்குப் பழைய மோட்டார் சந்தையில் அந்த ஒற்றை எழுத்துக்குத்தான் மரியாதை.

பந்தயம் தொடங்குகிற விதமும் தனி. படகுகள் கோட்டில் வரிசையாக நிற்பதில்லை. நியூட்ரல் இல்லாத மோட்டாரை நிறுத்தி வைக்க வழியில்லையே. கரையில் ஒரு பெரிய கடிகாரம் இருக்கும். கடைசி நிமிடம் ஓடும்போது படகுகள் சுற்றி வந்து, முள் பூஜ்யத்தைத் தொடும்போது முழு வேகத்தில் கோட்டைத் தாண்ட வேண்டும். ஒரு கணம் முந்தினால் அந்தச் சுற்றே போச்சு. ஓட்டுநர் முழங்காலிட்டுக் குனிந்திருப்பார். ஒரு கையில் ஸ்டியரிங், இன்னொரு கை அழுத்திப் பிடித்திருக்கும் த்ராட்டில். கையை விட்டால் அது தானாக மூடிக்கொள்ளும். தூக்கி எறியப்பட்டால் ஆளில்லாத படகு சீறிக்கொண்டு போகாமல் இருக்க அந்த ஏற்பாடு. ஹைட்ரோபிளேன் வகைப் படகு வேகமெடுத்ததும் தண்ணீரைத் தொடுவது முன்பக்கத்தின் இரண்டு சிறு மிதவைகளும் பின்னால் ப்ரொப்பெல்லரும் மட்டும்தான். பத்து என்று எழுதிய மோட்டார் அப்படி ஒரு படகை மணிக்கு 50 மைலைத் தாண்டிக் கொண்டுபோகும், ஆள் தண்ணீருக்கு ஒரு முழம் மேலே முழங்காலில்.

மதிப்பெண் கணக்குதான் என்னைப் பொறுத்தவரை இந்த ஆய்வின் சாவி. முதலிடத்துக்கு 400, அடுத்தடுத்து 300, 225, 169 என்று முக்கால் முக்காலாக இறங்கும். வழக்கமாக இரண்டு சுற்றுகள், கூட்டுத்தொகையில் வெற்றி. ஒரு சுற்றில் பறந்து போய் முதலிடம் பிடித்துவிட்டு அடுத்ததில் எஞ்சின் பற்றாமல் நின்றால் 400-தான். இரண்டிலும் அலட்டிக்கொள்ளாமல் இரண்டாவதாக வந்தவருக்கு 600. ஆகவே அசுர வேகத்தைவிட, கயிற்றை இழுத்ததும் பற்றுகிற மோட்டார்தான் முக்கியம். வார நாட்களில் மோட்டாரோடு உட்கார்ந்திருந்தவனுக்கு ஞாயிற்றுக்கிழமை பலன் கிடைத்தது.

அதோடு முடியவில்லை. ‘ஸ்டாக்’ என்றால் மாற்றம் செய்யவில்லை என்று நிரூபிக்க வேண்டும். ஜெயித்தவரின் மோட்டாரை அங்கேயே பிரித்து, பிஸ்டன், போர்ட் (சிலிண்டர் சுவரில் கலவையும் புகையும் போய்வரும் துளை), ரீட், கார்புரேட்டர் என்று ஒவ்வொன்றாக அளப்பார்கள். அளவு மீறினால் கோப்பை போய்விடும். அப்புறம் என்ன ஆகும்? அனுமதித்த அளவின் கடைசி நூல் வரை போவது எப்படி என்று எல்லோரும் கற்றுக்கொண்டார்கள். தொழிற்சாலையிலிருந்து வரும் பாகங்களில் ஒன்று கொஞ்சம் பெரிதாகவும் ஒன்று கொஞ்சம் சிறிதாகவும் இருக்கும். நாலைந்தை வாங்கி, மைக்ரோமீட்டரால் அளந்து, தனக்குச் சாதகமானதை மட்டும் வைத்துக்கொள்வார்கள். மிச்சத்தைத் தூக்கிப் போடவில்லை, டப்பாக்களில் போட்டு மேலே எடுத்து வைத்தார்கள். அந்த டப்பாக்கள் பின்னால் பெரிய உதவி செய்தன.

ஆற்றில் ஓடும் நெடும்பந்தயங்களும் இருந்தன. ஹட்சன் ஆற்றில் ஆல்பனியிலிருந்து நியூயார்க் வரை, சுமார் 130 மைல். மே மாதக் குளிர் தண்ணீர், மிதந்து வரும் மரக்கட்டைகள், அகன்ற இடங்களில் அலை. அங்கே கிடைக்கும் பெயர் கடையில் விற்பனையாக மாறும் என்று கீக்ஹேஃபருக்குத் தெரியும். தோற்பதைப் பொறுக்காத மனிதர். 1955, 1956 ஆண்டுகளில் கார்ப் பந்தயத்திலும் இறங்கி இரண்டு முறையும் நாஸ்கார் பட்டத்தைத் தட்டிச் சென்றது அவருடைய அணி. படகு மோட்டார் வியாபாரிக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டால், அவருக்கு எங்கே போட்டியென்றாலும் அதுதான் வேலை.

சாதனை வேகத்தின் வரலாறு தனி வழியில் போயிற்று. 1958-ல் ஹியூபர்ட் என்ட்ராப், சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் ஏரியில், ஆறு சிலிண்டர் மெர்க்குரி மார்க் 75ஹெச் வைத்து மணிக்கு 107 மைலைத் தாண்டினார். பிரமாதமான சாதனைதான். ஆனால் அது ஒரு மனிதரின், ஒரு படகின் கதை. பி பிரிவின் சின்ன மோட்டார் எத்தனையோ சிற்றூர் ஏரிகளில் ஓடியது. இன்றைக்குக் கொட்டகைகளில் கிடைப்பதும் அதுதான்.

பந்தயம் விட்டுச்சென்ற காயங்கள்

அப்படிக் கிடைத்த ஒரு கே.ஜி.7ஹெச் மேசைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் பார்வையிலேயே அது மீன்பிடிக்கப் போன மோட்டார் இல்லை என்று தெரிந்துவிடும். கீழ்க்காலின் அடித்துடுப்பு அரத்தால் ராவி மெலிந்திருக்கும், கட்டையில் மோதி ஒரு பக்கம் வளைந்தும் இருக்கும். இரண்டு இலை வெண்கல ப்ரொப்பெல்லரில் ஓரம் கத்தி மாதிரி தீட்டியிருக்கும்; ஒவ்வொரு இலையிலும் சுத்தியல் தழும்பு. ஸ்டியரிங் தண்டைப் பிடிக்க முன்பக்கம் யாரோ துளை போட்டிருப்பார்கள். பச்சைப் பெயிண்ட்டின் மேல் இன்னொரு நிறம், அதன் மேல் பந்தய எண்.

உள்ளே போனால் கதை நீளும். பவர் ஹெட், அதாவது மேலே இருக்கும் எஞ்சின் பகுதி ஒரு வருடத்தது, கால் இன்னொரு வருடத்தது. கார்புரேட்டர் அடுத்த மாடலிலிருந்து வந்தது. ரீட் இதழ் அதிகம் திறக்கட்டும் என்று தடுப்புத் தகட்டை லேசாக வளைத்திருப்பார்கள். சோதனையில் சிக்காத அளவுக்கு மட்டும். போர்ட்டுகளின் உள்விளிம்பு விரல் வழுக்கும்படி மெருகேறியிருக்கும். ஒரு பிஸ்டன் மாற்றியது, மற்றது பழையது.

இங்கேதான் பழைய மோட்டார்களை மீட்டெடுப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். கடையிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே ஆக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. சரியான பச்சை, சரியான ஸ்டிக்கர், துளைகளை வெல்டிங் வைத்து அடைத்து, வருடம் பொருந்தாத பாகங்களைக் கழற்றிவிட்டு. 1965-ல் தொடங்கிய பழைய அவுட்போர்டு மோட்டார் கழகத்தின் கூடல்களுக்குப் போனால் இந்த வகையில் கண்ணைப் பறிக்கிற வேலைகளைப் பார்க்கலாம். கடைசியாக ஓடிய நாளில் எப்படி இருந்ததோ அப்படியே ஓட வைக்க வேண்டும் என்பது இன்னொரு கட்சி. தழும்பு இருக்கட்டும், எண் இருக்கட்டும்.

நான் இரண்டாவது கட்சி, ஆனால் ஒரு நிபந்தனையோடு. ஜான்சனின் குடும்ப மோட்டாரைக் கடை நிலைக்குக் கொண்டுவருவது நியாயம். அது கடை நிலையிலேயே ஆயுளைக் கழித்தது. பந்தய மோட்டாருக்கு அப்படி ஒரு நிலை ஒரு வாரம்கூட இருந்திருக்காது. வாங்கிய அன்று இரவே பிரித்திருப்பார்கள். எந்த நாளை ‘அசல்’ என்று எடுத்துக்கொள்வது? துளையை அடைத்துப் பெயிண்ட் அடித்தால் அந்தக் கையின் தடயம் போய்விடும். நிபந்தனை என்னவென்றால், தடயம் வேறு, ஆபத்து வேறு. விரிசல் விட்ட கனெக்டிங் ராட், தேய்ந்த கியர், மெலிந்த ஸ்டியரிங் பிடிமானம் இவற்றை வரலாறு என்று சொல்லி விட்டுவைக்க முடியாது. 50 மைல் வேகத்தில் ஸ்டியரிங் கழன்றால் படகு எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது.

மேசையில்

முதல் பாடம், கயிற்றை இழுக்காதே. பல வருடம் சும்மா கிடந்த சிலிண்டரில் ரிங் ஒட்டியிருக்கும். வேகமாக இழுத்தால் ரிங் உடைந்து போர்ட் விளிம்பைக் கீறிவிடும். பிளக்கைக் கழற்றி, மண்ணெண்ணெயும் எண்ணெயும் கலந்து ஊற்றி, சில நாள் சும்மா விட வேண்டும். இந்த வேலையில் பொறுமைதான் முதல் கருவி. அது எனக்கு நாற்பதுக்கு மேல்தான் வந்தது.

ஃப்ளைவீலைப் புல்லர் போட்டுத்தான் எடுக்க வேண்டும். சுத்தியலால் தட்டி எடுத்தவர்கள் கெடுத்த கிராங்க் நுனிகள் கணக்கில்லை. அடியில் மேக்னெட்டோ, பிளக்குக்குப் பொறி தரும் அமைப்பு: காயில், பாயிண்ட், கண்டென்சர். அந்தக் காலத்துக் காயிலின் மேலுறை காய்ந்து வெடித்திருக்கும். வெடிப்பு கண்ணுக்குத் தெரிந்தால் யோசிக்காமல் மாற்றிவிடலாம். தெரியாத வெடிப்புதான் பிரச்சினை. என் கைக்கு வந்த ஒரு கே.ஜி.7-ல் காயில் பார்க்கச் சுத்தமாக இருந்தது, மேசையில் பொறி நீலமாக வந்தது. சரி, இருக்கட்டும் என்று விட்டேன். ஏரியில் பத்து நிமிடம் அழகாக ஓடிவிட்டு நடுவில் நின்றது. அரை மணி நேரம் கழித்து ஒரே இழுப்பில் பற்றியது. மறுபடி பத்து நிமிடத்தில் நின்றது. சூடேறினால் உள்ளே பிளவு விரிந்து மின்சாரம் வேறு வழியில் போய்விடுகிறது. அன்றிலிருந்து காயிலைச் சூடாக்கித்தான் சோதிக்கிறேன். அன்று துடுப்புக் கொண்டுபோகாதது இன்னொரு பாடம்.

சிலிண்டரும் தலையும் இந்த மோட்டாரில் ஒரே வார்ப்பு. மேல்மூடியைக் கழற்றிக் கரி சுரண்டலாம் என்றால் முடியாது. முழு எஞ்சினையும் பிரிக்க வேண்டும். அதற்குள் துருப்பிடித்த போல்ட் ஒன்றாவது முறியும், அதைத் துளைத்து எடுப்பதற்குள் ஒரு சாயங்காலம் போய்விடும். தண்ணீர் ஓடும் அறையின் மூடித் தகட்டைக் கட்டாயம் எடுத்துப் பார்க்க வேண்டும். ஏரிச் சேறும் உப்பும் கல்லாக இறுகியிருக்கும். வெளியே பளபளவென்று இருக்கிற மோட்டார் உள்ளே வெந்து சாவது இதனால்தான்.

கிராங்கின் இரு முனைகளிலும் உள்ள ஆயில் சீலைப் பலர் அலட்சியமாக விடுகிறார்கள். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் அறைதான் பம்ப். சீல் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே நுழைந்து கலவை மெலியும். மெலிந்த கலவையில் வெப்பம் ஏறும், எண்ணெயும் போதாது. பிஸ்டன் உச்சியில் ஓட்டை விழும். ஓட்டை விழுவதற்கு முந்தைய அரை நிமிடம் மோட்டார் வழக்கத்தைவிட வேகமாக, இனிமையாக ஓடும். அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டவர்கள் உண்டு.

ராடின் பெரிய முனையில் உள்ள ரோலர்கள் கூட்டில் அடைத்தவை அல்ல, தனித்தனி. கிரீஸில் ஒட்டி ஒவ்வொன்றாக அடுக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் தெரியாது. கூட்டிக் கட்டி ஓட்டும்போது தெரியும். ஆகவே கழற்றும்போதே எண்ணி, எண்ணிக்கையைக் காகிதத்தில் எழுதி வைத்துவிட வேண்டும். ரீட் இதழ்களை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் கீற்று தெரியும். நுனி உடைந்த இதழ் எங்கே போயிருக்கும்? பெரும்பாலும் பிஸ்டன் வழியாகத்தான். சிலிண்டர் சுவரில் கோடு இருந்தால் அதுதான் காரணம்.

கார்புரேட்டர் மிதவை தக்கையால் ஆனது. இன்றைய பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் அதன் பூச்சைக் கரைத்துவிடும். தக்கை ஊறி, மிதக்காமல் மூழ்கி, எஞ்சின் பெட்ரோலில் குளிக்கும். எத்தனால் கலக்காத பெட்ரோலைத் தேடிப் போய் வாங்குகிறோம்.

பாகங்கள் எங்கே கிடைக்கும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். அந்த டப்பாக்களில்தான். அளந்துவிட்டு வேண்டாம் என்று ஒதுக்கிய பிஸ்டன்கள், ஒரு நூல் தடித்த ரிங்குகள், நல்ல நிலையில் உள்ள பழைய கியர்கள். பந்தயத்துக்கு ஆகாதவை மீட்புக்குத் தாராளமாகப் போதும். மோட்டாரைவிட முக்கியமாக அவற்றோடு வந்தவை நோட்டுப் புத்தகங்கள்: எந்த ஏரியில் எந்த ப்ரொப்பெல்லர், மோட்டாரை எத்தனை நூல் உயர்த்தினோம், என்ன கோணம், எத்தனை வினாடி. சோதனைக்காரருக்குப் பயந்து அளக்கத் தொடங்கியவர்கள் எழுதிய நோட்டுகள். தொழிற்சாலைக் கையேட்டில் இல்லாத விஷயங்கள் அவற்றில் இருக்கின்றன. மற்ற நாடுகளின் எத்தனையோ பழைய மோட்டார்கள் இப்படிப்பட்ட நோட்டு இல்லாததாலேயே இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.

கம்பெனி 1961-ல் பிரன்ஸ்விக் நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. கீக்ஹேஃபர் 1983-ல் காலமானார். மெர்க்குரி இன்றும் மோட்டார் செய்கிறது, பெரிய பெரிய எண்களோடு. இப்போது எழுதுவது உண்மையான எண் என்றே வைத்துக்கொள்வோம்.

தண்ணீரில்

மேசை வேலை முடிந்ததும் பீப்பாய்த் தண்ணீரில் ஓட்டிப் பார்ப்பது சாதாரண மோட்டாருக்குச் சரி. குயிக்சில்வர் காலுக்கு அது ஒத்துவராது. நியூட்ரல் இல்லாததால் பீப்பாய்த் தண்ணீரெல்லாம் பட்டறைச் சுவரில் இருக்கும். ஏரிக்குத்தான் போக வேண்டும், தனியாகவும் போக முடியாது.

ஒருவர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று படகின் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்திருப்பார், ப்ரொப்பெல்லர் தண்ணீரைக் கவ்வாதபடி. ஓட்டுகிறவர் முழங்காலில் திரும்பி, ஃப்ளைவீலில் கயிற்றைச் சுற்றி இழுப்பார். முதல் இழுப்பில் இருமும். இரண்டாவதில் புகை. பிளக்கை ஒருமுறை துடைத்துவிட்டு மூன்றாவது. பற்றிக்கொண்டதும் பேசிப் பயனில்லை, எதுவும் காதில் விழாது. ஓட்டுகிறவர் முன்னால் திரும்பி, குனிந்து, த்ராட்டிலை அழுத்தித் தலையை மட்டும் ஆட்டுவார். பின்னால் நிற்கிறவர் படகை இறக்கி, ஒரே தள்ளில் கையை விடுவார். அவர் முகத்தில் தண்ணீர் அறையும். துடைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்ப்பார், பத்து நிமிடம் தாண்டுகிறதா என்று.